எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு எதை வாங்கலாம்? ஒத்தடப் பை, டென்ஸ் கருவி, மாத்திரை, சுக்கு: ஒரு மதிப்பீடு

மருந்துக் கடையில் "பீரியட்ஸ் வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் ஒரு பட்டை மெஃப்டால் ஸ்பாஸ் கைக்கு வரும். அலைபேசியில் தேடினால் சூடு தரும் பெல்ட், ஒட்டும் பேட்ச், டென்ஸ் என்ற மின்துடிப்புக் கருவி, மலைவேம்புச் சாறு என்று வரிசை நீளும். எல்லாம் மாதவிலக்கு வலி நிவாரணி என்ற ஒரே பெயரில்தான் விற்கின்றன. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவருக்கு இவற்றில் எது நிஜமாக உதவும், எது அரைகுறையாக உதவும், எது வெறும் செலவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையில், வயிற்றின் உள்ளுறையில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில், சிறுநீர்ப்பையின் மேல் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இதில் வலி ஒரே வகை அல்ல. கருப்பை இறுகிப் பிடிக்கும் வலி ஒன்று. வெளியே வளர்ந்த திசு அழன்று வீங்கும் வலி இன்னொன்று. வருடக்கணக்கில் வலியைத் தாங்கித் தாங்கி இடுப்பின் அடித்தசைகள் விறைத்துப்போவதாலும், நரம்புகள் சிறு சீண்டலுக்கே கூச்சலிடப் பழகிவிடுவதாலும் வருவது மூன்றாவது. சூடும் மின்துடிப்பும் பிடிப்பையும் தசை விறைப்பையும் தணிக்கும். அழற்சி மாத்திரை, அதாவது ஐபுபுரோஃபென் போல அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரை, முதல் இரண்டையும் குறைக்கும். திசுவை அடக்கிவைப்பது ஹார்மோன் மருந்து மட்டுமே. ஒத்தடம், டென்ஸ், இஞ்சி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை நோய் ஏதும் இல்லாத பெண்களின் சாதாரண மாதவிலக்கு வலியில் செய்யப்பட்டவை. அந்த முடிவுகளை எண்டோமெட்ரியோசிஸுக்கு முழுதாகப் பொருத்திவிட முடியாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதியைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சூடு: நான்கு வகை, நான்கு விதமான சிக்கல்

அடிவயிற்றில் 39, 40 டிகிரி செல்சியஸ் அளவில் மிதமான சூட்டை மணிக்கணக்கில் வைத்தால் மாதவிலக்குப் பிடிப்பு ஐபுபுரோஃபென் மாத்திரைக்கு ஈடாகத் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கவனிக்க வேண்டிய சொற்கள் 'மிதமான', 'மணிக்கணக்கில்' என்ற இரண்டும். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: தோல் தாங்காத சூட்டைப் பத்து நிமிடம் அழுத்திவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

ரப்பர் வெந்நீர்ப் பைதான் இன்றைக்கும் காசுக்கு ஏற்ற பொருள். இரண்டு லிட்டர் பை வாங்கினால் போதும், மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்ப வேண்டும். கொதிநீரை நேராக ஊற்றினால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும், தோலும் வெந்துபோகும். கொதித்த நீரும் குழாய் நீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும். துணியுறை போட்டு வைக்க அந்தச் சூடு சரி, முக்கால் மணி நேரம் தாங்கும். மூடுவதற்கு முன் பையைப் படுக்கவைத்து, நீர் வாய்வரை வரும்படி அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று இருந்தால் பை உப்பி வயிற்றில் படியாது. கழுத்துப் பகுதியிலும் மடிப்புகளிலும் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஒட்டுப்போட்டுப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஓரத்தில் பிளந்தால் ஒரு லிட்டருக்கு மேல் வெந்நீர் மடியில் கொட்டும்.

மின்சாரத்தில் செருகினால் பத்து நிமிடத்தில் சூடாகும் ஜெல் பையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மலிவான வகைகளில் பைக்குள் இருக்கும் திரவத்தின் வழியாகவே மின்சாரம் பாய்ந்து அதைச் சூடாக்குகிறது. தானாக அணையும் பாகம் பழுதானால் பை உப்பிக்கொண்டே போகும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால், செருகியிருக்கும்போது உடம்பில் வைக்காதீர்கள். கசிவு தெரிந்த பையை மறுபடி செருகவே கூடாது.

ஆர்த்தோ ஹீட்டிங் பெல்ட் என்று விற்கும் துணிப்பட்டை முதுகுவலிக்கென்று வந்தாலும் இந்த வலிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. சூடு குறையாமல் ஒரே அளவில் இருப்பதுதான் இதன் பலம். வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தானாக அணையும் வசதி, குறைவு-நடு-அதிகம் என்று அளவை மாற்றும் கட்டுப்பாடு, முன்பக்கம் வயிற்றைச் சுற்றிக் கட்டும் நீளம். மேலே படுத்து அழுத்தினாலோ மடித்து வைத்தாலோ உள்ளே கம்பிச்சுருள் ஒரே இடத்தில் கொதிக்கும். எனவே நீங்கள் கீழே, பெல்ட் மேலே. 'குறைவு' நிலையில் இருபது நிமிடம், பிறகு சற்று இடைவெளி, மறுபடி இருபது நிமிடம் என்று ஓட்டலாம். தூங்கப் போகும்முன் அணைத்துவிட வேண்டும். வலி மாத்திரையும் தூக்கமும் சேர்ந்தால் சூடு உறைக்காது. 44 டிகிரியே கூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் தோலைப் புண்ணாக்கும்.

சூட்டை அதிகமாக, மாதக்கணக்கில் வைப்பவர்களுக்கு அடிவயிற்றில் வலைப்பின்னல் போலப் பழுப்பு நிறக் கோடுகள் விழுவதுண்டு. அரிப்போ வலியோ இல்லாததால் பலர் பொருட்படுத்துவதில்லை. அது சூட்டால் தோல் கெடுகிறது என்பதன் அடையாளம். தொடக்கத்திலேயே சூட்டை நிறுத்தினால் பெரும்பாலும் மங்கிவிடும், தொடர்ந்தால் தழும்பாகத் தங்கிவிடும். அந்தக் கோடுகள் இன்னொரு செய்தியும் சொல்கின்றன: வலி, ஒத்தடத்தால் மட்டும் சமாளிக்கும் அளவைத் தாண்டிவிட்டது. மருத்துவரிடம் அதைக் காட்டத் தயங்க வேண்டாம்.

நான்காவது, ஒட்டும் பேட்ச். கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு வேறு வழியில்லாத நாளில் கைகொடுப்பது இதுதான். ஆனால் ஒரே அலமாரியில் இரண்டு வேறு பொருள்கள் ஒரே மாதிரி உறையில் இருக்கும். இரும்புத்தூள், கரித்தூள், உப்பு என்று பொருட்பட்டியலில் இருந்தால் அது காற்று பட்டதும் நிஜமாகவே சூடாகும் வகை, எட்டு மணி நேரம் வரை தாங்கும். மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய் என்று இருந்தால் அது குளுகுளுவென்ற உணர்வு மட்டும் தருவது, சூடு கிடையாது. முதல் வகையைத் தோலில் ஒட்டாமல் உள்ளாடையின் வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். இரண்டாம் வகையை ஒட்டிய இடத்திலோ, தைலம் தடவிய இடத்திலோ வெந்நீர்ப் பையை வைக்கவே கூடாது. மென்தால் கலந்த பூச்சுகளால் ஏற்பட்ட தீப்புண்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-லேயே எச்சரித்திருக்கிறது.

கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் பாட்டி வைத்தியத்தில் குறையொன்றும் இல்லை. வறுத்த உப்பின் சூடு கைக்குத் தெரிவதைவிட மிக அதிகம் என்பது மட்டும்தான் ஆபத்து. முடிச்சை முன்கையின் உட்பக்கத்தில் பத்து நொடி வைத்துப் பார்த்து, தாங்கினால் மட்டும் வயிற்றுக்குக் கொண்டுபோகலாம்.

டென்ஸ் கருவி: சரியாக வைத்தால் மட்டும்

தோலில் ஒட்டிய பட்டைகள் வழியாக மெல்லிய மின்துடிப்பை அனுப்பி, வலிச்செய்தி தண்டுவடத்தில் ஏறாமல் தடுப்பதுதான் டென்ஸ். 'வேலை செய்யவில்லை' என்று மூலையில் கிடக்கும் கருவிகளில் பல, தவறான வகையாகவோ தவறான இடத்தில் ஒட்டப்பட்டதாகவோ இருக்கும்.

வாங்கும்போது இ.எம்.எஸ். என்று மட்டும் எழுதிய பட்டாம்பூச்சி வடிவ மசாஜரைத் தவிருங்கள். அது தசையைத் துடிக்கவைக்கும் கருவி. ஏற்கெனவே பிடித்திருக்கும் வயிற்றுக்கு அது வேண்டாத வேலை. துடிப்பு வேகத்தையும் துடிப்பின் அகலத்தையும் நீங்களே மாற்றக்கூடிய, இரண்டு வழித்தடம் (சேனல்) கொண்ட கருவியாகப் பாருங்கள். மாற்றுப் பட்டைகள் கிடைக்குமா, அவை ஊசிமுனை இணைப்பா அழுத்துபொத்தானா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டைகள் இருபது முப்பது முறைக்கு மேல் ஒட்டாது.

அமைப்பு இப்படி: வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், அகலம் 100 முதல் 200 மைக்ரோசெகண்ட். முதல் வழித்தடத்தின் இரு பட்டைகளைத் தொப்புளுக்குக் கீழே, வலிக்கும் இடத்தின் இருபுறமும் ஒட்டவும். இரண்டாவதன் பட்டைகளை இடுப்பின் பின்புறம், முதுகெலும்பு முடியும் பகுதியின் இருபுறமும். இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. கருவியை அணைத்த நிலையில் ஒட்டி, பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பலமாக எறும்பு ஊர்வது போலத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. தசை துள்ளினால் ஒரு படி இறக்குங்கள். பத்து நிமிடத்தில் உணர்வு மங்கும். நரம்பு பழகிவிட்டது என்று பொருள், மறுபடி ஒரு படி ஏற்றுங்கள். இப்படி ஏற்றாமல் விட்டால் பலன் குறைந்துபோகலாம். ஒரு தடவைக்கு இருபது முதல் முப்பது நிமிடம், ஒரு நாளில் பல தடவை போடலாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் எண்ணெயும் பவுடரும். தேங்காய் எண்ணெய் தடவிய வயிற்றில் பட்டை ஒட்டாது. பாதி ஒட்டினால் ஒரே புள்ளியில் மின்சாரம் குவிந்து சுரீரென்று குத்தும். சோப்பால் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். காய்ந்துபோன பட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் இன்னும் சில முறை வரும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பயன்படுத்தக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தின் முன்புறம், தலை, புண் உள்ள தோல், மரத்துப்போன இடம் ஆகியவற்றில் ஒட்டக் கூடாது. வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் வேண்டாம்.

பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் வெந்நீர்ப் பை, பிறகு பேட்ச், அதன் பிறகுதான் டென்ஸ். மாத்திரை சாப்பிட முடியாத வயிற்றுப்புண்காரர்களுக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றி டென்ஸை முன்னே கொண்டுவரலாம்.

மாத்திரை: எது என்பதைவிட எப்போது

அழற்சி மாத்திரைகள் புரோஸ்டகிளாண்டின் என்ற வலிப்பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை அழிப்பதில்லை. ஆகவே வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போட்டு, 'எனக்கு இது கேட்கவே மாட்டேங்குது' என்று ஒதுக்குவது அந்த மருந்துக்குச் செய்யும் அநியாயம். முதல் அறிகுறியிலேயே தொடங்குங்கள். தேதி தவறாதவர்கள் முந்தின நாளே தொடங்கலாம். பிறகு இரண்டு மூன்று நாள் மணிக்கணக்குப்படி, சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும்.

மெஃப்டால் ஸ்பாஸில் இருப்பது மெஃபெனாமிக் அமிலம் 250 மி.கி., பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மி.கி. பெரியவர்களுக்கான முழு அளவு மெஃபெனாமிக் அமிலம் 500 மி.கி., நாளைக்கு மூன்று வேளை. ஆக ஒரு ஸ்பாஸ் மாத்திரை பாதி மருந்துதான். அதோடு டைசைக்ளோமின் மலத்தைக் கட்டும். மலம் கழிக்கும்போது கத்தி செருகுவது போல வலிக்கிறவர்களுக்கு இது எரிகிற கொள்ளியில் எண்ணெய். அவர்கள் டைசைக்ளோமின் சேராத வலி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. மெஃபெனாமிக் அமிலத்தால் அரிதாக வரும் டிரெஸ் என்ற கடும் ஒவ்வாமை பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மருந்து தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு, முக வீக்கம், நெறிகட்டு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரவில் வலியால் எழுந்துவிடுகிறவர்களுக்கு நாப்ராக்சன் பொருத்தம், அதன் வேலை நீடித்து நிற்கும். முதலில் 500 மி.கி., பிறகு ஆறு முதல் எட்டு மணிக்கொரு தடவை 250 மி.கி., முதல் நாள் மொத்தம் 1250 மி.கி.க்கு மேல் கூடாது. மெஃபெனாமிக், நாப்ராக்சன், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் நான்கும் ஒரே குடும்பம். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்தால் வலி குறையாது, இரைப்பையும் சிறுநீரகமும்தான் அடிபடும். சேர்த்துப் போடத் தக்கது பாராசிட்டமால். 650 மி.கி. மாத்திரை ஆறு மணி நேர இடைவெளியில் போகலாம், காய்ச்சல் சளி மாத்திரைகளில் இருக்கும் பாராசிட்டமாலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், குழந்தைக்கு முயல்பவர்களுக்கும் அழற்சி மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும். முறையாகப் போட்டும் மூன்று மாதமாகப் பலனில்லை என்றால் மாத்திரையின் பெயரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

டிரானெக்சாமிக் அமிலம் இரத்தப்போக்கைக் குறைக்கும், வலிக்கு அல்ல. அதுவும் மெஃபெனாமிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை வலிக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

அடுப்படியும் நாட்டு மருந்துக் கடையும்

சுக்குக்கு ஆதாரம் உண்டு. மாதவிலக்கின் முதல் மூன்று நாளில் தினமும் 750 முதல் 2000 மி.கி. வரை என்பது ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவு. அரை தேக்கரண்டி சுக்குப்பொடி ஏறக்குறைய ஒரு கிராம். அதைக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்துக் காலை மாலை குடித்தால் கணக்கு சரியாக வரும். வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்செரிச்சல் வரும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். வெந்தயத்திலும் நம்பிக்கை தரும் ஆய்வு உண்டு. உளுந்தங்களி, வெந்தயக்களி நல்ல உணவு, அவ்வளவே. அவற்றால் சாக்லேட் கட்டி (இந்த நோயில் சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் கட்டி) கரையாது.

அதிகம் பேசப்படாத ஆனால் பயனுள்ள சரக்கு, மலத்தை இளக்கும் நார்ச்சத்தான இசப்கோல். இரவில் ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டியை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே மலத்தை இறுக்கும். தேதிக்குச் சில நாள் முன்பே தொடங்கினால் மலம் இளகி, மலவாய் வலி குறையலாம்.

விளக்கெண்ணெயை வயிற்றில் தடவி ஒத்தடம் கொடுப்பதில் கிடைப்பது ஒத்தடத்தின் பலன். அதைக் குடித்தால் பேதியோடு குடல் பிடிப்பும் சேர்ந்துகொள்ளும், வேண்டாம். அசோகப் பட்டை வாங்கினால் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பது வெகுநாளாக நடக்கும் கலப்படம் என்று தெரிந்து வாங்குங்கள். அசோகாரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் ஓரளவு சாராயம் இயல்பாகவே உண்டு. மலைவேம்புச் சாற்றுக்கு நாங்கள் இடம் தர மாட்டோம். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் வழங்குகின்றன, அவற்றில் ஒன்றின் காய் நஞ்சு. பாட்டிலில் இருப்பது எது, எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஹார்மோன் மருந்து: பொறுத்தால் பலன்

டையனோஜெஸ்ட் 2 மி.கி., தினமும் ஒரே நேரத்தில், இடைவெளியே இல்லாமல். எண்டோமெட்ரியோசிஸுக்கென்றே வந்த மாத்திரை இது. வலியைக் குறைப்பதோடு சாக்லேட் கட்டியையும் சிலருக்குச் சிறிதாக்குகிறது. முதல் மூன்று மாதம் சொட்டுச் சொட்டாக, கணக்கில்லாமல் இரத்தம் படும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது போகப்போக அடங்கிவிடும். மூன்று மாதம் முடியும் வரை தீர்ப்பு எழுதாதீர்கள். மனச்சோர்வு மட்டும் விதிவிலக்கு: அழுகை, தூக்கமின்மை, வாழப் பிடிக்காத எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமசெபின் எடுப்பவர்களுக்கு இதன் வலு குறையும். கருத்தடை மாத்திரையாக இதை நம்பக் கூடாது. பல வருடம் தொடர்ந்தால் எலும்பின் அடர்த்தி குறையலாம், கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோவில் விசேஷத்துக்குத் தேதியைத் தள்ளிப்போடக் கடையில் வாங்கும் நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையும் இதே நோய்க்கு மருந்துதான். ஆனால் அது மாதக்கணக்கில், மருத்துவர் அளவிட்டுக் கொடுக்க வேண்டியது. கருப்பைக்குள் பொருத்தும் மிரேனா என்ற 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் சாதனம் தினமும் மாத்திரை மறப்பவர்களுக்கு வசதி. பொருத்தும்போது வலிக்கும், ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சினைமுட்டை வெளிவருவதை அது பெரும்பாலும் நிறுத்தாது, அதனால் சாக்லேட் கட்டி திரும்ப வரும் போக்கு உள்ளவருக்குத் தனியாக யோசிக்க வேண்டும். சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை அடக்கிவைக்கும் லியூப்ரோலைடு 3.75 மி.கி. மாத ஊசியில் முதல் ஓரிரு வாரம் வலி கூடும், பிறகுதான் அடங்கும். உடல் தகிப்பும் எலும்புத் தேய்வும் வருவதால் சிறிதளவு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அதைப் பற்றிப் பேசாமல் ஊசியை மட்டும் நீட்டித்தால் கேட்டுவிடுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். திசுவை வெட்டி எடுப்பார்களா, மேலாகச் சுட்டுவிடுவார்களா? சினைப்பைக் கட்டி என்றால், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். சோதனை முன்பே எடுக்கப்பட்டதா? கட்டியோடு நல்ல முட்டைகளும் போகக்கூடும் என்பதால் இரண்டாவது கேள்வி குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு மிக முக்கியம். அறுவைக்குப் பிறகு ஹார்மோன் மருந்து தொடராவிட்டால் வலி திரும்பும் வாய்ப்பு அதிகம். 'கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு குழந்தை பெத்தா போயிடும்' என்பது சிகிச்சை அல்ல. நோயைக் குணமாக்குவதற்காகவே கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது.

ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. வயிற்று உள்ளுறையில் படர்ந்த மெல்லிய திட்டுகள் அல்ட்ராசவுண்டில் தெரிவதில்லை. திருமணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் மட்டுமே எடுக்கிறார்கள், அதில் ஆழமான திசு தப்பிவிடும். அந்நிலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்கலாம். சி.ஏ.-125 இரத்தச் சோதனைக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம், நோயை அது உறுதி செய்யாது.

மருத்துவரிடம் போகும்போது மூன்று மாதக் குறிப்பு கையில் இருக்கட்டும்: வலி தொடங்கிய நாளும் முடிந்த நாளும், பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, மலம் சிறுநீர் கழிக்கையில் வலித்ததா, உறவின்போது வலித்ததா, எத்தனை நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போகவில்லை. ஒரு பக்கமாகத் திடீரென்று வெட்டும் வலி, அதோடு வாந்தி, காய்ச்சல், மயக்கம் ஏதாவது வந்தால், அல்லது தேதி தள்ளிப்போயிருக்கையில் கடும் வலி வந்தால், குறிப்பும் வேண்டாம் ஒத்தடமும் வேண்டாம். அது சாக்லேட் கட்டி உடைந்ததாகவோ, சினைப்பை முறுக்கிக்கொண்டதாகவோ, குழாயில் தங்கிய கர்ப்பமாகவோ இருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.